தோலும் கண்ணும் சொல்லும் சாட்சியம்

(ஹட்டனில் தோட்டத் தொழிலாளரும் ஆசிரியரும் உயர்தர மாணவரும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஒரு இரசாயனம் தோலைப் பொசுக்குமா, கண்ணைக் கெடுக்குமா என்று யார் தீர்மானிக்கிறார்கள்? எப்படித் தீர்மானிக்கிறார்கள்? அந்தத் தீர்மானத்தில் நம்முடைய தோலுக்கும் கண்ணுக்கும் ஏதாவது இடம் உண்டா? இன்று பேச எடுத்துக்கொண்டது இந்த மூன்று கேள்விகளைத்தான். கொஞ்சம் இரசாயனவியல் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள். கடைசியில் உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கப் போகிறேன்.

தோட்டத்தில் காலையில் பிரட்டுக் கலைந்ததும் மருந்தடிக்கப் பேர் போட்டவர்கள் ஸ்டோருக்குப் போகிறார்கள். கான் திறக்கப்படுகிறது. மூடியிலோ கோப்பையிலோ அளந்து ஊற்றுகிறார்கள். பீலித் தண்ணீர் சேர்க்கிறார்கள். பதினாறு லீட்டர் டேங்க் முதுகில் ஏறுகிறது. மலை ஏறி இறங்கும்போது மூடி தளர்ந்திருந்தால் என்ன ஆகும்? சொட்டுச் சொட்டாக முதுகில் இறங்கும். வார் உரசிய தோள்பட்டையில் இறங்கும். சட்டை நனையும். சட்டை நனைந்ததற்காக வேலையை விட்டுவிட்டு லயத்துக்குப் போய்க் குளித்துவர யார் விடுகிறார்கள்? அதே சட்டையோடு மத்தியானம் வரை, சில நாளில் பொழுது சாயும் வரை. இந்தக் காட்சியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதற்கும் பரிசோதனைச் சாலைக்கும் உள்ள தூரத்தைத்தான் நான் அளக்கப் போகிறேன்.

முதலில் அந்தக் கானை எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் பீடைகொல்லிகளை வகுப்பு வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறது. எதை வைத்துப் பிரித்தார்கள்? வாய் வழியாகவோ தோல் வழியாகவோ எவ்வளவு உள்ளே போனால் பரிசோதனை எலிகளில் பாதி சாகும் என்ற கணக்கை வைத்து. அவசியமான கணக்குத்தான், மறுக்கவில்லை. நமது நாட்டில் 1980ஆம் ஆண்டின் 33ஆம் இலக்க பீடைகொல்லிகள் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்த பிறகு, முதல் வகுப்பு நஞ்சுகள் படிப்படியாக நிறுத்தப்பட்டு 1995இல் ஒழிந்தன. எத்தனையோ உயிர்கள் பிழைத்தன.

ஆனால் அந்தக் கணக்குக் கேட்பது ஒரே கேள்வியை: ஆள் சாவானா, மாட்டானா? ஆள் சாகாமல் கண் மட்டும் போனால்? நகம் மட்டும் கழன்றால்? முதுகுத் தோல் மட்டும் உரிந்தால்? அந்தக் கணக்கில் அதற்கு இடமில்லை.

பரகுவாட் என்ற களைகொல்லியைப் பாருங்கள். கிரமொக்சோன் என்றால் இங்கே மூத்தவர்கள் அத்தனை பேருக்கும் தெரியும். 1962இல் சந்தைக்கு வந்தது. தேயிலை, இறப்பர், எண்ணெய்ப்பனை என்று தோட்டமுள்ள நாடுகளெல்லாம் சுற்றியது. உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணையில் அது இரண்டாம் வகுப்பு, நடுத்தர ஆபத்து. ஆனால் பிரிட்டனில் தோல் வைத்தியர்கள் 1969இலேயே எழுதிவிட்டார்கள், செறிந்த மருந்தைக் கையாண்டவர்களின் நகம் வெளிறுகிறது, கழன்று விழுகிறது என்று. கண்ணில் தெறித்தால் அதன் கொடுமை வேறு மாதிரி. உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது. கொஞ்சம் உறுத்தும், அவ்வளவுதான். மனிதர் முகத்தைக் கழுவிக்கொண்டு வேலையைப் பார்ப்பார். மறுநாள் பார்த்தால் கண் வீங்கி, கருவிழியின் மேல்தோல் கழன்றிருக்கும்.

அதைத் தயாரித்தவர்கள் பிறகு பாதுகாப்புக்காக என்ன சேர்த்தார்கள் தெரியுமா? நீலச் சாயம், நாற்றம், வாந்தி வரவைக்கும் மருந்து. மூன்றும் நல்ல ஏற்பாடுகள்தான். மூன்றும் வாய்க்காகச் செய்தவை. முதுகுக்காக என்ன சேர்த்தார்கள்?

சரி, தோலுக்கும் கண்ணுக்கும் தனியாகச் சோதனை இல்லையா? இருக்கிறது. அதன் கதை ஒரு பெண்ணின் இமையில் தொடங்குகிறது. 1933இல் அமெரிக்காவில் இமைமயிருக்குப் பூசும் ஒரு சாயம் விற்றார்கள். பூசிய பெண்களில் சிலர் பார்வை இழந்தார்கள். அந்தக் கொதிப்பும் சேர்ந்துதான் 1938இல் அங்கே உணவு, மருந்து, அழகுசாதனச் சட்டம் வந்தது. 1944இல் அந்நாட்டு உணவு மருந்து நிர்வாகத்தில் பணியாற்றிய ஜோன் டிரெய்ஸ் என்பவரும் தோழர்களும் ஒரு சோதனை முறையை வகுத்தார்கள். முயலின் ஒரு கண்ணில் மருந்து, மறு கண் சும்மா. ஒரு மணி நேரம் கழித்து, ஒரு நாள் கழித்து, இரண்டு நாள், மூன்று நாள் என்று பார்த்துப் புள்ளி போடுவார்கள். ஆறாவிட்டால் இருபத்தொரு நாள் வரைக்கும் பார்ப்பார்கள். தோலுக்கும் முயல்தான். மயிரை மழித்துவிட்டு அரை மில்லிலீட்டர் மருந்தை வைத்துக் கட்டி, நான்கு மணி நேரம் விடுவார்கள்.

அந்த முயல்கள் பட்ட பாட்டை உலகம் பொறுக்கவில்லை. 1980இல் நியூயோர்க்கில் ஹென்றி ஸ்பைரா என்ற மனிதர் அழகுசாதன நிறுவனங்களுக்கு எதிராகப் பெரிய இயக்கமே நடத்தினார். ஆய்வாளர்கள் மாற்று வழி தேடினார்கள், கண்டும் பிடித்தார்கள். இன்றைக்கு மனிதத் தோல் உயிரணுக்களைச் சிறு கிண்ணத்தில் அடுக்கடுக்காக வளர்த்து, அதன்மேல் மருந்தை மூன்று நிமிடமும் ஒரு மணி நேரமும் வைத்துப் பார்க்கிறார்கள். பிறகு ஒரு சாயப்பொருளைக் கொடுத்தால், உயிரோடு இருக்கும் அணு அதை ஊதா நிறமாக்கும், செத்தது ஆக்காது. மூன்று நிமிடத்தில் பாதிக்கு மேல் செத்துவிட்டால் அது பொசுக்கும் பொருள் என்று முடிவு. கண்ணுக்கு, இறைச்சிக்காக அறுத்த மாட்டின் கருவிழியையும் கோழியின் கண்ணையும் எடுத்துச் சோதிக்கிறார்கள். மாணவச் செல்வங்களே, உங்களில் யாராவது இந்தத் துறைக்குப் போனால் நான் மகிழ்வேன். வேலை நிறைய இருக்கிறது.

அந்தச் சோதனைகளுக்கெல்லாம் முந்திய ஒரு படியும் உண்டு. பீ.எச். பெறுமானம் பார்ப்பது. பள்ளிக்கூட ஆய்வுகூடத்தில் இருக்கும் தாள் போதும். 2 அல்லது அதற்குக் கீழே இருந்தால் கடும் அமிலம். 11.5 அல்லது அதற்கு மேலே இருந்தால் கடும் காரம். இரண்டும் பொசுக்கும் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லையென்று காட்டும் பொறுப்பு, இல்லையென்று சொல்பவருடையது.

அமிலம் கொடுமையா, காரம் கொடுமையா? எல்லோரும் அசிட்டுக்குத்தான் பயப்படுகிறோம். பாலில் தேசிக்காய் பிழிந்தால் திரிகிறதே, அதுபோல அமிலம் பட்ட இடத்தில் புரதம் திரிந்து கட்டியாகிவிடும். அந்தக் கட்டியே உள்ளே போகும் அமிலத்தை ஓரளவு மறிக்கும். காரம் அப்படியல்ல. உயிரணுச் சவ்விலுள்ள கொழுப்பைச் சவர்க்காரமாக்கிக் கரைத்துக்கொண்டே உள்ளே போகும். கருவிழியைத் தாண்டியும் போகும். அதனால்தான் கண் வைத்தியர்கள் காரத்தைக் கண்டு கூடுதலாக அஞ்சுகிறார்கள்.

அந்தக் காரம் எங்கே இருக்கிறது? உங்கள் வெற்றிலைத் தட்டில் இருக்கிறது. சுண்ணாம்பின் பீ.எச். 12.4 அளவில் வரும். சுண்ணாம்புப் பொதியைப் பிள்ளைகள் கையில் வைத்து நசுக்க, அது பீறிட்டுக் கண்ணில் அடித்துப் பார்வை கெட்ட சம்பவங்களை இந்தியக் கண் வைத்தியர்கள் ஆய்வேடுகளில் எழுதியிருக்கிறார்கள். லயத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கும்போது அண்ணாந்து பார்த்துக்கொண்டு கூரையோரம் பூசுகிறோமே, எத்தனை பேர் கண்ணாடி போட்டுக்கொள்கிறோம்? தேயிலை மண்ணுக்குப் போடும் டொலமைட்டும் வெள்ளைத் தூள்தான். அது காபனேற்று, கண்ணில் விழுந்தால் தூசுபோல உறுத்தும், சுண்ணாம்பைப்போல எரிக்காது. வெறும் பார்வைக்கு இரண்டும் ஒன்றாகவே இருக்கும்.

ஆனால் பீ.எச். தாளை மட்டும் நம்பவும் முடியாது. பரகுவாட் கரைசலை அதில் தொட்டால் கிட்டத்தட்ட நடுநிலை காட்டும். தாள் ஒன்றும் இல்லை என்று சொல்லும், நகமோ கழன்று விழும். ஆகவே தாள் “ஆபத்து” என்று சொன்னால் நம்புங்கள். “ஆபத்தில்லை” என்று சொன்னால் நம்பாதீர்கள்.

செறிவு என்று இன்னொரு விஷயம் இருக்கிறது. யட்டியாந்தோட்டை, தெரணியகலை பக்கத்து இறப்பர் தோட்டங்களில் பாலை உறைய வைக்கப் போமிக் அசிட் ஊற்றுகிறார்கள். ஐரோப்பிய வகைப்படுத்தலில் அது நூற்றுக்குத் தொண்ணூறும் அதற்கு மேலும் இருந்தால் முதல் தரப் பொசுக்கி, மூன்று நிமிடத்துக்குள் தோலை அழிக்கும் இனம். பத்து முதல் தொண்ணூறு வரை இருந்தால் அதற்கு அடுத்த தரம். இரண்டு முதல் பத்து வரை வெறும் எரிச்சல். ஒரே பொருள், ஒரே பெயர். அப்படியானால் ஆபத்து எங்கே கூடுதல்? மலையிலா, கலக்கும் இடத்திலா? கலக்கும் இடத்தில். கானைத் திறந்து அளக்கும் அந்த ஐந்து நிமிடத்தில்.

தண்ணீர் சேர்த்த மருந்தைப் பற்றி நமது மண்ணிலேயே ஒரு சான்று உண்டு. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் நிமல் சேனநாயக்க உள்ளிட்டோர் நமது தேயிலைத் தோட்டங்களில் பரகுவாட் அடித்தவர்களை ஆராய்ந்து 1993இல் பிரித்தானிய மருத்துவ ஏடொன்றில் வெளியிட்டார்கள். மருந்தடிப்பவர்கள் 85 பேர், சராசரியாகப் பன்னிரண்டு ஆண்டு அந்த வேலை செய்தவர்கள். தொழிற்சாலையில் வேலை செய்தவர்களோடும் மற்றத் தொழிலாளர்களோடும் அவர்களை ஒப்பிட்டார்கள். நுரையீரல் முதலியவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது அவர்கள் கண்ட முடிவு. எனக்குப் பிடிக்காத முடிவு என்பதற்காக அதை மறைத்துவிட்டுப் பேசினால் இந்த மேடைக்கு மரியாதை இல்லை. நன்றாகத் தண்ணீர் சேர்த்த மருந்து, பழகிய ஆட்கள், நீண்டகால உடல்நலம் என்ற கேள்வி. அந்தக் கேள்விக்கு அது பதில். கலக்கும்போது தெறித்த ஒரு துளிக்கும், ஓட்டை டேங்கிலிருந்து உரசிய தோளில் இறங்கிய மருந்துக்கும் அந்தப் பதிலை நீட்டக்கூடாது.

இப்போது அந்த முதுகை நினைத்துக்கொள்ளுங்கள். சோதனைச் சாலை கேட்பது என்ன? காயமில்லாத தோலில், ஒரே ஒரு தடவை, நான்கு மணி நேரம் வைத்தால் என்ன ஆகும்? தோட்டம் கேட்பது என்ன? வார் உரசிப் புண்ணான தோளில், நனைந்த சட்டையோடு, வியர்வையோடு, இன்றும் நாளையும் நாளை மறுநாளும் பட்டால் என்ன ஆகும்? முதல் கேள்விக்கு வந்த பதிலை இரண்டாம் கேள்விக்கு எழுதிக்கொண்டிருக்கிறோம். சோதனை பொய் சொல்லவில்லை ஐயா. நாம் கேட்காத கேள்விக்கு அது பதில் சொல்லாது.

பரகுவாட் இங்கே 2008இலிருந்து படிப்படியாகக் குறைக்கப்பட்டு, 2011க்குள் நிறுத்தப்பட்டது. 2015இல் கிளைபோசேட் என்ற களைகொல்லிக்கும் தடை. 2018இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் மட்டும் தடை தளர்ந்தது. 2021இல் எல்லா விவசாய இரசாயனமும் ஒரே அடியாக நின்று, சில மாதத்தில் திரும்பியது. அந்த அரசியலுக்குள் நான் போகவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். கிளைபோசேட் இல்லாத காலத்தில் சில தோட்டங்களில் எம்.சி.பி.ஏ. என்ற களைகொல்லி புகுந்தது. அதன் எச்சம் இலங்கைத் தேயிலையில் இருக்கிறது என்று ஜப்பான் 2018 வாக்கில் கையை உயர்த்தியது. அவர்கள் அப்போது அனுமதித்த அளவு ஒரு கிலோத் தேயிலைக்கு நூறில் ஒரு பங்கு மில்லிகிராம். கொழும்பில் ஒரே பரபரப்பு. கூட்டம், அறிக்கை, ஆய்வுகூடம்.

அதே எம்.சி.பி.ஏ.வுக்கு ஐரோப்பிய வகைப்படுத்தலில் கண்ணுக்குக் கடும் சேதம் விளைக்கும் என்ற குறியீடு இருக்கிறது. தோக்கியோவில் குடிக்கிறவரின் கோப்பையில் மில்லிகிராமின் நூறில் ஒரு பங்கைத் தேடிப் பிடித்தோம். மருந்தடித்தவரின் கண்ணில் எவ்வளவு விழுந்தது என்று ஒரு தரமாவது தேடினோமா?

குறியீடு என்றேன். மாணவர்கள் எழுதிக்கொள்ளுங்கள். ஐக்கிய நாடுகள் சபை 2003இல் எல்லா நாட்டுக்கும் பொதுவான இரசாயன வகைப்படுத்தல் முறையொன்றை வெளியிட்டது. சிவப்புக் கரைபோட்ட வைர வடிவத்துக்குள், குழாயிலிருந்து ஒழுகும் திரவம் ஒரு கையையும் ஒரு உலோகத்தையும் அரிப்பதுபோல் படம் இருக்கும். அது இருந்தால் தோலையோ கண்ணையோ உலோகத்தையோ அழிக்கும் பொருள். வெறும் ஆச்சரியக்குறி இருந்தால் எரிச்சல் அளவில் நிற்கலாம். எச் 314 என்றால் தோலும் வேகும், கண்ணும் கெடும். எச் 318 என்றால் கண்ணுக்குக் கடும் சேதம். எச் 315, எச் 319 இரண்டும் எரிச்சல். ஒவ்வொரு இரசாயனத்துக்கும் பதினாறு பகுதி கொண்ட பாதுகாப்புத் தரவுத்தாள் உண்டு. அதன் இரண்டாம் பகுதியில் இந்தக் குறியீடுகள், நான்காம் பகுதியில் முதலுதவி. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் வரும். உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் அந்த இரண்டு பகுதியைத் தமிழில் எழுதி ஸ்டோர்க் கதவில் ஒட்டினால், அதைவிடப் பெரிய தொண்டை நான் கேட்க மாட்டேன்.

தாய்மார்களே, உங்களிடம் ஒரு வார்த்தை. கண்ணில் மருந்து பட்டால் தாய்ப்பால் விடுவார்கள், தேங்காயெண்ணெய் விடுவார்கள். பாசத்தால் செய்வது, எனக்குத் தெரியும். செய்யாதீர்கள். அசிட்டுக்குச் சுண்ணாம்பு, சுண்ணாம்புக்குத் தேசிக்காய் என்ற கெட்டித்தனமும் வேண்டாம். தண்ணீர், தண்ணீர், தண்ணீர். இமையை விரலால் பிரித்துப் பிடித்து, மெல்ல ஓடும் சுத்தமான தண்ணீரில் குறைந்தது பதினைந்து இருபது நிமிடம். சுண்ணாம்பென்றால் இன்னும் கூடுதல் நேரம், இமைக்கடியில் துண்டு ஒட்டியிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். கழுவி முடித்த பிறகுதான் லொறி, பிறகுதான் டிக்கோயா ஆஸ்பத்திரி, பிறகுதான் கண்டி. லொறி வரும்வரை கழுவாமல் காத்திருந்த அரைமணி நேரத்தை எந்த வைத்தியராலும் திருப்பித் தர முடியாது. கலக்கும் இடத்தைப் பீலிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, குடிதண்ணீர் கெடும். ஆனால் கழுவ ஒரு பீப்பாய் நல்ல தண்ணீர் அங்கே நிற்க வேண்டும். இதற்கு எந்த ஆய்வும் தேவையில்லை.

மலேசியாவில் என்ன நடந்தது என்று பாருங்கள். அங்கேயும் தோட்டங்களில் மருந்தடித்தவர்களில் பலர் நம் தமிழ்ப் பெண்கள். ஐரீன் பெர்னாண்டஸ் தொடங்கிய தெனாகனித்தா அமைப்பு, பூச்சிகொல்லிக்கு எதிரான ஆசிய பசிபிக் வலையமைப்போடு சேர்ந்து, அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டு எழுதி 2002இல் ஒரு அறிக்கை வெளியிட்டது. தோல் எரிச்சல், கண் எரிச்சல், நகம், மூக்கில் இரத்தம் என்று அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னபடியே எழுதினார்கள். அதே ஆண்டு அரசு பரகுவாட்டை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2006இல் பின்வாங்கியது. மீண்டும் போராடினார்கள். 2020 ஜனவரி முதலாம் திகதி தடை நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு ஆண்டு இழுபறி. ஆனாலும் அந்தப் பெண்கள் சொன்னது எழுத்தில் நின்றது. அதை யாராலும் அழிக்க முடியவில்லை.

நம்மிடம் எழுத்தில் என்ன இருக்கிறது? பேராசிரியர் ஜெயரத்தினம் 1982இல் வெளியிட்ட ஆய்வின்படி, அக்காலத்தில் ஆண்டுக்குச் சுமார் 13,000 பேர் பீடைகொல்லி நஞ்சால் அரச வைத்தியசாலைகளில் சேர்ந்தார்கள், ஆயிரம் பேர் வரையில் இறந்தார்கள். வைத்தியசாலையில் சேர்ந்தவர்களின் கணக்கு அது. சிவந்த கண்ணோடு டிஸ்பென்சரிக்குப் போய், சொட்டு மருந்து வாங்கிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போனவரின் கணக்கு எங்கே? புத்தகத்தில் “கண் வருத்தம்” என்று ஒரு வரி இருக்கும். எந்த மருந்து? இல்லை. கலக்கும்போதா, அடிக்கும்போதா? இல்லை. எத்தனை நிமிடம் கழித்துக் கழுவினார்? இல்லை.

இரசாயனத்தை வகைப்படுத்தும் அந்த ஐக்கிய நாடுகள் முறையிலேயே முதல் படி எது தெரியுமா? முயலுக்கும் கிண்ணத்துத் தோலுக்கும் பீ.எச். தாளுக்கும் முன்னால், “மனிதர்களுக்கு ஏற்பட்ட அனுபவம் ஏதும் பதிவாகியிருக்கிறதா?” என்று பார்க்கச் சொல்கிறார்கள். முதல் சாட்சி தொழிலாளி. அந்தச் சாட்சியை ஏற்க உலகம் தயாராக இருக்கிறது. நாம்தான் சாட்சியத்தை எழுதாமல் விட்டுவிட்டோம். 1934ஆம் ஆண்டிலிருந்து தொழிலாளர் நட்ட ஈட்டுச் சட்டம் இருக்கிறது. கண் போனதற்கு அதன்கீழ் ஈடு கேட்பவரிடம் முதலில் கேட்கப்படுவதும் பதிவைத்தான்.

ஆகவே நான் ஒப்படைப்பதாகச் சொன்ன வேலை இதுதான். டிஸ்பென்சரியில் கடமையாற்றும் அன்பர்களே, தோலோ கண்ணோ என்று யார் வந்தாலும் மருந்தின் பெயரை எழுதுங்கள். கான் லேபிளில் உள்ளபடி, முழுப் பெயராக. கானிலிருந்து நேராகப் பட்டதா, தண்ணீர் சேர்த்ததா என்று எழுதுங்கள். எவ்வளவு நேரம் உடம்பில் இருந்தது, எத்தனை நிமிடம் கழுவினார் என்று எழுதுங்கள். மறுநாள் அவரைக் கூப்பிட்டு மறுபடி பாருங்கள். சில கண்கள் மறுநாள்தான் உண்மை சொல்லும். தலைவர்மாரே, அடுத்த தடவை சம்பளப் பேச்சுக்கு உட்காரும்போது கையுறை, கண்ணாடி, ஒழுகாத டேங்க், கழுவத் தண்ணீர் ஆகிய நான்கையும் சேர்த்து மேசையில் வையுங்கள். மருந்தடிக்கும் தம்பிமாரே, உங்கள் வரி எழுதப்பட்டதா என்று பார்த்துவிட்டுத்தான் டிஸ்பென்சரிப் படியை விட்டு இறங்குங்கள். எழுதாவிட்டால் எழுதச் சொல்லிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை.